அடகுக் கடைக்குப் போகுமுன் ‘நெப்ராஸ்கா’வைக் கேள்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. நீ வாட்ஸாப்பில் அனுப்பிய நான்கு பாட்டுகளும் கிடைத்தன. அவற்றோடு உன் அம்மா போனில் சொன்ன செய்தியும் கிடைத்தது. நான்கையும் பெரிய ஸ்டுடியோவில், வயலின் கோஷ்டி வைத்து, முதலிலிருந்து பதிவு செய்யப் போகிறாயாம். அதற்கு அவள் வளையல்களை அடகு வைத்துத் தரச் சொல்லியிருக்கிறாயாம். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிடலாம். ஆனால் காரணம் சொல்லாமல் தடுத்தால் உனக்கு அது பெரியவர்களின் பயமாகத்தான் தெரியும். ஆகவே ஓர் ஆல்பத்தின் கதையை எழுதுகிறேன். படித்துவிட்டு நீயே முடிவு செய்.

ஆல்பத்தின் பெயர் ‘நெப்ராஸ்கா’. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் எழுதி, இசையமைத்து, தனி ஆளாகப் பாடி வாசித்தது. 1982 செப்டம்பர் 30 அன்று கொலம்பியா நிறுவனம் வெளியிட்டது. அவர் அப்போது முகவரி தேடிக்கொண்டிருந்த இளைஞர் அல்ல. 1980இல் வந்த அவருடைய ‘தி ரிவர்’ இரட்டை ஆல்பம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்தது. ‘ஈ ஸ்ட்ரீட் பேண்ட்’ என்ற அசகாய வாத்தியக் குழு கூடவே இருந்தது. விளையாட்டரங்குகளை நிரப்பிய நீண்ட சுற்றுப்பயணம் 1981 செப்டம்பரில்தான் முடிந்தது. எந்த ஸ்டுடியோவையும் மாதக்கணக்கில் வாடகைக்கு எடுக்க அவரால் முடியும்.

அதைத்தான் அவர் அதுவரை செய்துகொண்டும் இருந்தார். பாட்டு முழுசாக உருவாகும் முன்பே குழுவோடு ஸ்டுடியோவுக்குள் போவது, அங்கேயே எழுதுவது, திருத்துவது, மறுபடி வாசிப்பது என்று காசும் காலமும் கரைந்தன. இந்தத் தடவை பாட்டுகளை வீட்டிலேயே பதிந்து பார்த்து, தேறுபவற்றை மட்டும் குழுவிடம் கொண்டுபோகலாம் என்று நினைத்தார். செலவைக் குறைக்க எடுத்த முடிவுதான் ‘நெப்ராஸ்கா’வின் தொடக்கம்.

நியூ ஜெர்சி மாநிலத்தில் கோல்ட்ஸ் நெக் என்ற ஊரில் அவர் வாடகைக்கு இருந்த வீடு. ஆரஞ்சு நிறத்தில் தடித்த கம்பளம் விரித்த படுக்கையறை. அவருடைய கிட்டார்களைப் பராமரித்துவந்த மைக் பாட்லன், ‘டியாக் 144’ என்ற நான்கு ட்ராக் கேசட் ரெக்கார்டரை வாங்கிக்கொண்டு வந்தார். சாதாரண கேசட்டிலேயே நான்கு தனித்தனி ட்ராக்குகளைப் பதியலாம் என்ற வசதியோடு 1979இல் சந்தைக்கு வந்த கருவி அது. ஒலிவாங்கிகள் இரண்டு. இரண்டுமே மேடைகளில் சர்வசாதாரணமாகப் புழங்கும் ‘ஷுர் எஸ்எம் 57’. ஸ்பிரிங்ஸ்டீன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கிட்டாரை வாசித்தபடியே பாடுவார். குரலுக்கு ஒரு ட்ராக், கிட்டாருக்கு ஒரு ட்ராக். மீதமிருக்கும் இரண்டில் ஹார்மோனிகாவோ டாம்பரினோ இரண்டாவது குரலோ சேரும். நான்கும் நிறைந்தால் பாட்டு முடிந்தது. இன்னும் கொஞ்சம் சேர்க்கலாமே என்று ஆசைப்பட இடமே கிடையாது.

மிக்ஸிங் செய்த விதத்தைக் கேட்டால் நம்ப மாட்டாய். நான்கு ட்ராக்கையும் ‘எக்கோபிளெக்ஸ்’ என்ற பழைய எக்கோ கருவி வழியாக அனுப்பி, வீட்டில் கிடந்த பானசோனிக் டேப் ரெக்கார்டரில் பதிந்தார்கள். அந்த ரெக்கார்டருக்குள் ஏற்கெனவே ஒருமுறை ஆற்றுத் தண்ணீர் புகுந்திருந்தது. ஆல்பத்தின் பெரும்பகுதிக்கு 1982 ஜனவரி 3 என்ற தேதியைச் சொல்கிறார்கள். ‘மை ஃபாதர்ஸ் ஹவுஸ்’ பாட்டு மட்டும் அந்த ஆண்டு மே மாதம் அதே முறையில் பதிவானது. ஒவ்வொரு பாட்டுக்கும் சில டேக்குகள், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நீ துள்ளிக் குதிப்பாய் என்று தெரியும். ‘பார்த்தாயா மாமா, ஒரே நாளில் முடித்துவிட்டார், நானும் அப்படித்தான்’ என்பாய். பொறு. பதிவு செய்ய ஒரு நாள் போதுமானதாக இருந்தது, அதற்கு முன்னால் எழுதுவதற்கு மாதங்கள் ஆனதால்தான்.

ஆல்பத்தின் முதல் பாட்டையே எடுத்துக்கொள். டெரன்ஸ் மாலிக் 1973இல் எடுத்த ‘பேட்லேண்ட்ஸ்’ படத்தை ஸ்பிரிங்ஸ்டீன் தொலைக்காட்சியில் பார்த்தார். 1958 ஜனவரியில் நெப்ராஸ்கா மாநிலத்தில் தொடர் கொலைகள் செய்து, மறு ஆண்டு மின்சார நாற்காலியில் கொல்லப்பட்ட சார்லஸ் ஸ்டார்க்வெதர் என்ற இளைஞனின் கதையைத் தழுவிய படம். பார்த்த வேகத்தில் பாட்டு எழுத உட்காரவில்லை. அந்த வழக்கைப் பற்றிப் புத்தகம் எழுதியிருந்த செய்தியாளர் நினெட் பீவரைத் தேடிப்பிடித்துத் தொலைபேசியில் பேசினார். பிளானரி ஓ’கானரின் சிறுகதைகளைப் படித்தார். நோட்டுப் புத்தகத்தில் முதலில் அந்தப் பாட்டு ‘ஸ்டார்க்வெதர்’ என்ற பெயரில், ‘அவன்’ என்று எட்ட நின்று சொல்லும் கதையாகத்தான் இருந்தது. பிறகு ‘அவன்’ ‘நான்’ ஆனான். கொலைகாரனே அமைதியான குரலில் பேசும்போது கேட்கிறவர் ஒதுங்கி நின்று தீர்ப்புச் சொல்ல முடியாமல் போகிறது. எந்த ஸ்டுடியோவாலும் இந்தத் திருத்தத்தைச் செய்து தர முடியாது.

மற்ற பாட்டுகளிலும் இதே உழைப்புத் தெரியும். ‘ஜானி 99’ பாட்டில் வரும் தொழிலாளிக்கு வேலை போன ஊர் மாவா. நியூ ஜெர்சியில் உள்ள அந்த ஊரின் ஃபோர்டு கார் தொழிற்சாலை 1980இல் உண்மையிலேயே மூடப்பட்டது. ‘அட்லாண்டிக் சிட்டி’யின் தொடக்கத்தில் வரும் குண்டுவெடிப்பு, 1981 மார்ச்சில் பிலடெல்பியாவில் ஃபில் டெஸ்டா என்ற மாபியா தலைவன் தன் வீட்டு வாசலில் கொல்லப்பட்ட சம்பவம். சூதாட்டம் சட்டபூர்வமாகி, 1978இல் முதல் கேசினோ திறந்த கடற்கரை நகரத்தில், கடனில் மூழ்கியவன் தவறான வேலைக்குப் போகிறான். ‘யூஸ்டு கார்ஸ்’ பாட்டில் பழைய காரை வாங்கும் தகப்பனைச் சிறு பையன் பார்க்கிறான். அது ஃப்ரீஹோல்டு என்ற சிற்றூரில் ஸ்பிரிங்ஸ்டீன் வளர்ந்த வீட்டின் வறுமை. ஆல்பம் வந்த ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் வேலையின்மை 10.8 சதவீதத்தைத் தொட்டது. 1930களின் பெருமந்தத்துக்குப் பிறகு அதுவரை இல்லாத அளவு. ஊர்ப் பெயரும் தொழிற்சாலையும் கடனும் இருப்பதால்தான் இந்தப் பாட்டுகள் வெறும் சோகமாகச் சரிந்துவிடவில்லை.

ஒலியிலும் கவனம் இருக்கிறது. ‘ஸ்டேட் ட்ரூப்பர்’ பாட்டைக் கேள். இரவு நெடுஞ்சாலையில் லைசென்ஸோ வண்டிப் பதிவோ இல்லாமல் காரோட்டிப் போகிறவன், போலீஸ்காரர் நிறுத்திவிடக் கூடாதே என்று உள்ளுக்குள் கெஞ்சுகிறான். கிட்டாரில் கிட்டத்தட்ட ஒரே தாளம், மாறாமல் துடித்துக்கொண்டே இருக்கும். குரல் அடங்கியே வரும். கடைசியில் திடீரென்று ஓர் ஊளை. நியூயார்க்கின் ‘சூசைட்’ என்ற இருவர் குழுவின் ‘ஃப்ராங்கி டியர்ட்ராப்’ பாட்டிலிருந்து கற்ற உத்தி அது. படுக்கையறையில் பாடினாலும் காது உலகம் முழுக்கச் சுற்றி வந்திருக்கிறது.

கதையின் முக்கியமான பகுதி இனிமேல்தான். கேசட்டையும், ஒவ்வொரு பாட்டைப் பற்றிய குறிப்புகளோடு கடிதத்தையும் ஸ்பிரிங்ஸ்டீன் தன் மேலாளர் ஜான் லாண்டாவுக்கு அனுப்பினார். 1982 வசந்த காலத்தில் நியூயார்க்கின் ‘பவர் ஸ்டேஷன்’ ஸ்டுடியோவில் குழு கூடியது. நீ இப்போது ஆசைப்படுவதைத்தான் அவர்கள் செய்தார்கள். அருமையான வாத்தியக்காரர்கள், அருமையான மைக்குகள், அனுபவமுள்ள என்ஜினீயர்கள். எல்லாரும் நன்றாகத்தான் வாசித்தார்கள். ஆனால் பாட்டுகள் பெரிதாக ஆக ஆக, அவற்றில் வாழ்ந்த மனிதர்கள் காணாமல் போனார்கள். ஸ்டுடியோவில் அவர் தனியாகப் பாடிப் பார்த்ததும்கூட உதவவில்லை. இதற்கிடையில் அசல் கேசட், உறைகூட இல்லாமல், வாரக்கணக்கில் அவருடைய ஜீன்ஸ் பாக்கெட்டிலேயே கிடந்தது. கடைசியில் அதையே ஆல்பமாக வெளியிடுவது என்று முடிவானது.

இதை மட்டும் கேட்டுவிட்டு ‘எளிமைதான் உயர்ந்தது’ என்று நீ முடிவு கட்டினால், மாமா எழுதியதெல்லாம் வீண். ஏனென்றால் அதே கேசட்டில் இன்னொரு பாட்டும் இருந்தது: ‘பார்ன் இன் த யு.எஸ்.ஏ.’ படுக்கையறையில் அவர் தனியாகப் பாடிய வடிவம் 1998இல் வெளிவந்தது, தேடிக் கேள். அதில் பாட்டு இன்னும் தன் உடம்பைக் கண்டுபிடிக்கவில்லை. பவர் ஸ்டேஷனில் குழுவின் ராய் பிட்டன் சிந்தசைஸரில் அந்த ஐந்தாறு ஸ்வரங்களைப் பிடிக்க, மேக்ஸ் வைன்பெர்க் டிரம்ஸை இடியாக இறக்க, சில டேக்குகளிலேயே பாட்டு எழுந்து நின்றது. 1984இல் அதே பெயரில் வந்த ஆல்பத்திலிருந்து ஏழு பாட்டுகள் அமெரிக்காவின் முதல் பத்து இடங்களுக்குள் நுழைந்தன. ஒரே ஆள், ஒரே அறை, ஒரே கேசட். ஒரு பாட்டுக்குத் தனிமை வேண்டியிருந்தது, இன்னொன்றுக்கு முழுக் குழுவும் வேண்டியிருந்தது. இரண்டையும் முயன்று பார்த்து, காதால் பிரித்தறிந்ததுதான் ஸ்பிரிங்ஸ்டீனின் திறமை.

அந்த முடிவுக்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. கேசட்டில் இருந்த ஒலியை இசைத்தட்டுக்கு மாற்றுவது பெரும்பாடாகிவிட்டது. என்ஜினீயர் டோபி ஸ்காட்டும் தயாரிப்பாளர் சக் பிளாட்கினும் பல இடங்களில் முயன்றார்கள். தட்டில் வெட்டிய பள்ளத்தில் ஊசி சரியாக ஓடவில்லை. கேசட்டாக மட்டும் வெளியிட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். இறுதியில் அட்லாண்டிக் ஸ்டுடியோவின் டென்னிஸ் கிங், ஒலியளவைக் குறைத்து மாஸ்டரிங் செய்து கரை சேர்த்தார். பதிவில் மிச்சம் பிடித்ததைப் பின்னால் உழைப்பாகச் செலுத்தினார்கள். உனக்கும் இது நடக்கும், தயாராக இரு.

வெளியீட்டுக்குச் சுற்றுப்பயணம் இல்லை. அமெரிக்காவில் ஒரு பாட்டுகூட தனி சிங்கிளாக வரவில்லை. ‘அட்லாண்டிக் சிட்டி’க்கு எடுத்த கறுப்பு வெள்ளை வீடியோவில் பாடகரே தோன்றவில்லை. இருந்தும் பட்டியலில் மூன்றாம் இடம் வரை போனது. அடுத்த ஆண்டே ஜானி கேஷ் இதிலிருந்து இரண்டு பாட்டுகளைப் பாடி, தன் ஆல்பத்துக்கே ‘ஜானி 99’ என்று பெயர் வைத்தார். ‘ஹைவே பேட்ரோல்மேன்’ பாட்டில் வரும் அண்ணன் தம்பி கதையை ஷான் பென் 1991இல் ‘தி இந்தியன் ரன்னர்’ என்ற படமாக இயக்கினார். 2000இல் சப் பாப் நிறுவனம் பல பாடகர்களை வைத்து ஆல்பத்தை முழுவதுமாக மறுபடி பாடவைத்தது. வாரன் ஸேன்ஸ் 2023இல் இந்த ஒரே ஆல்பத்தைப் பற்றி முழுப் புத்தகம் எழுதினார். அதை வைத்து ஸ்காட் கூப்பர் இயக்கிய திரைப்படம் 2025இல் வந்தது. குழுவோடு பதிவு செய்து நாற்பது ஆண்டுக்கு மேல் பெட்டியில் கிடந்த வடிவங்களும் அதே ஆண்டு வெளியாயின. இப்போது நாம் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டு, அன்று எடுத்த முடிவு சரிதானா என்று நாமே சோதிக்கலாம்.

இவற்றைவிடப் பெரிய தாக்கம் ஒன்று உண்டு. டெமோ என்று கருதப்பட்ட வீட்டுப் பதிவை, பெரிய நிறுவனமும் பெரிய பாடகரும் முழு ஆல்பமாக மதித்து வெளியிட்டார்கள். படுக்கையறையில் பாடிப் பதியும் பிள்ளைகளுக்கு, நீ உட்பட, அது கொடுத்த தைரியம் கொஞ்சநஞ்சமல்ல.

அக்கறையோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பாட்டுகளை எழுதிய காலம் ஸ்பிரிங்ஸ்டீனுக்கு இருண்ட காலம். ஆல்பம் முடிந்த பிறகு, காரில் கலிபோர்னியா நோக்கிப் போகும் வழியில் மனம் உடைந்துபோனதையும், பிறகு மனநல மருத்துவரை நாடியதையும் 2016இல் வந்த தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். அறையைப் பூட்டிக்கொண்டு எழுதுவது வேறு, மனிதர்களைப் பூட்டி வெளியே நிறுத்துவது வேறு. மூன்று வாரமாக நீ வீட்டில் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை என்று உன் அம்மா சொன்னாள். பாட்டுக்காகத் துன்பத்தைச் சேமித்து வைக்காதே. மனசு கனத்தால் எங்களில் யாரிடமாவது சொல், இல்லையென்றால் மருத்துவரிடம் போ.

இனி உன் நான்கு பாட்டுகளுக்கு வருவோம். முதல் பாட்டும் நான்காவதும் இப்போது இருப்பதுபோலவே இருக்கட்டும். மின்விசிறிச் சத்தம் மட்டும் வராமல் இன்னொரு டேக் எடு. இரண்டாவது பாட்டில் வரிகள் இன்னும் பழுக்கவில்லை, பொதுவான சோகமாக இருக்கிறது. அந்த மனிதன் எந்த ஊர்க்காரன், என்ன வேலை செய்கிறான் என்று உனக்கே தெரிந்த பிறகு திருத்தி எழுது. மூன்றாவது பாட்டுக்குத் தாளம் கேட்கிறது. அதற்கு மட்டும் உன் நண்பர்களைக் கூட்டி, ஒரு மாலை முழுக்க வாசித்துப் பார். நன்றாக வந்தால், அந்த ஒரு பாட்டுக்கான ஸ்டுடியோ வாடகையை மாமா தருகிறேன். அம்மாவின் வளையல்கள் பீரோவிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
மாமா