ஆல்பத்தில் உன் கையெழுத்து

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

உன் தம்பி உனக்குப் பென் டேப்லெட் வாங்கிக் கொடுத்ததையும், கோடு கோணிக்கொண்டு போகிறது, மவுஸே தேவலை என்று நீ அதைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டதையும் ஆயா போனில் சொன்னார். மாங்காட்டு வீட்டு ஆல்பங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பக்கம் பக்கமாக ஒரு ஸ்கிராப்புக் செய்யவேண்டும் என்று உனக்குத் தோன்றியதே பெரிய காரியம். பாதியில் விட்டுவிடாதே. கல்யாண ஆல்பம் டிசைன் செய்தே என் பிழைப்பு ஓடுவதால், இதில் எனக்குத் தெரிந்ததை எல்லாம் உனக்கு எழுதிவிடுகிறேன்.

கோடு கோணுவதற்கு உன் கை காரணமில்லை. நோட்டில் எழுதும்போது கண்ணும் பேனா முனையும் ஒரே இடத்தில் இருக்கும். இங்கே கை மேஜைமேல், கண் திரைமேல். மவுஸிலும் அப்படித்தானே என்பாய். மவுஸைத் தூக்கி வேறிடத்தில் வைத்தாலும் திரையில் அம்பு நின்ற இடத்திலேயே நிற்கும். பேனாவுக்கு அந்த வழக்கம் கிடையாது. டேப்லெட் பலகையில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் திரையில் அதற்கென்று ஒரு புள்ளி உண்டு. வலது மேல்மூலையில் பேனாவைக் கொண்டுபோனால் அம்பும் வலது மேல்மூலைக்குத் தாவும். இந்த உறவு உடம்புக்குப் பழகவேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒரே வழி, கொஞ்ச நாளைக்கு மவுஸை அலமாரியில் வைத்துவிடுவது. ஃபைல் திறப்பது, ஃபோல்டர் தேடுவது, பாட்டு மாற்றுவது எல்லாவற்றையும் பேனாவாலேயே செய். முனை பலகையைத் தொடாமல் சற்று மேலே நின்றாலும் அம்பு நகரும். முதலில் அந்தரத்திலேயே இடம் பார், பிறகு இறக்கு. கையைக் குனிந்து பார்க்கவே பார்க்காதே.

பலகை திரைக்கு நேராக இருக்கவேண்டும். கோணலாக வைத்தால் கோடும் அதே அளவுக்குக் கோணும். இன்னொன்று, பலகையின் நீள அகல விகிதமும் உன் லேப்டாப் திரையின் விகிதமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. பலகை 16க்கு 10 ஆகவும் திரை 16க்கு 9 ஆகவும் இருந்தால், நீ போடும் வட்டம் திரையில் முட்டையாக வரும். சோதித்துப் பார்க்க ஒரு கண்ணாடி வளையலைப் பலகைமேல் வைத்து அதன் உள்விளிம்பை ஒட்டிப் பேனாவை ஓட்டு. உலோக வளையல் வேண்டாம், பலகையின் மின்காந்தப் புலத்தைக் குழப்பிவிடலாம். வட்டம் வட்டமாக வராவிட்டால் டேப்லெட்டின் செட்டிங்கில் விகிதத்தைத் திரைக்கேற்ப மாற்று. பேனாவை அழுத்திப் பிடித்தால் விண்டோஸ் ஒரு சிறு வளையம் காட்டி ரைட் கிளிக் ஆகிவிடும். அதையும் நிறுத்திவிடு, இல்லாவிட்டால் எழுத எழுத இடறும்.

பயிற்சிக்கு எங்கும் போகவேண்டாம், ஆயா வாசலில் போடும் சிக்குக் கோலத்தை எடுத்துக்கொள். ஒரு லேயரில் புள்ளி மட்டும் வை. அதற்கு மேல் இன்னொரு லேயரில் கம்பியை இழு. புள்ளி வைக்கும்போது குறி பழகும், புள்ளியைச் சுற்றி வளைக்கும்போது வளைவு பழகும். விரலை மட்டும் அசைக்காமல் முன்கை முழுவதையும் நகர்த்து. ஒரு சுழியை ஒரே மூச்சில் முடி. சரியில்லையா, கன்ட்ரோல் இசட் அடித்து மறுபடி போடு. ஒருநாள் கோலம் உனக்கே பிடித்தமாதிரி வந்துவிடும். அதை அழிக்காமல் வைத்துக்கொள், பக்கத்தின் ஓரத்துக்கு அதுவே பார்டர். கடையில் விற்கும் பூ பார்டர் எதுவும் அதற்கு ஈடாகாது.

பேட்டரி இல்லாத பேனா எப்படி வேலை செய்கிறது என்று முன்பு கேட்டிருந்தாயே. பலகைக்குள் மெல்லிய கம்பிகள் வலைபோல் ஓடுகின்றன. அவை எழுப்பும் மின்காந்த அலையில் பேனாவுக்குள் இருக்கும் சிறு சுருள் சக்தியை வாங்கிக்கொண்டு, பதில் அலை ஒன்றைத் திருப்பி அனுப்புகிறது. பதில் எங்கே பலமாக வருகிறதோ அங்கே பேனா இருக்கிறது. நீ அழுத்த அழுத்த அந்தப் பதிலும் மாறும், கோடு தடிப்பதும் மெலிவதும் அதனால்தான். 1983இல் ஜப்பானில் தொடங்கிய வாக்கம் நிறுவனம் இந்த முறையால்தான் உலகமெங்கும் பெயர் பெற்றது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1964இல், அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் ஒரு பலகை செய்திருந்தது. கையால் எழுதுவதைக் கம்ப்யூட்டர் புரிந்துகொள்ளும் ஆராய்ச்சிக்கு அது பயன்பட்டது. எழுதுவதற்கும் இந்தப் பலகைக்கும் ஆரம்பத்திலிருந்தே உறவு உண்டு என்பதை நினைவில் வை.

ஏனென்றால் நான் சொல்ல வந்த விஷயமே அதுதான். இந்தப் பேனாவால் படம் வரைவது அப்புறம் இருக்கட்டும். முதலில் போட்டோக்களுக்குப் பெயர் எழுது.

எங்கள் தொழிலில் 12க்கு 36 அங்குல கரிஷ்மா ஆல்பத்துக்கு ரெடிமேட் பி.எஸ்.டி. ஃபைல்கள் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். ரோஜா, புறா, வளைந்து வளைந்து ஆங்கில வாசகம். முகத்தை மட்டும் மாற்றினால் யாருடைய கல்யாணமும் ஆகிவிடும். பெயர், உறவு, ஊர் எதுவும் இருக்காது. நம் வீட்டுப் பழைய ஆல்பத்தை எடுத்துப் பார். கறுப்புத் தாள், நான்கு மூலையிலும் போட்டோ கார்னர், நடுவில் பட்டர் பேப்பர், எல்லாம் அழகாக இருக்கிறது. அதிலுள்ள குரூப் போட்டோவில் தாத்தாவுக்குப் பின்னால் நிற்கிற பெண் யார் என்பதை மட்டும் எவரும் எழுதிவைக்கவில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய போட்டோ ஸ்டுடியோக்களைத் தேடிப்போய், அங்கே கிடந்த படங்களை டிஜிட்டலாக்கிச் சேமித்தார்கள். எவ்வளவு நல்ல வேலை! ஆனால் அப்படிச் சேமிக்கப்படும் முகத்துக்குப் பெயர் சொல்லக்கூடியவர்கள் அந்தந்த வீட்டில்தானே இருக்கிறார்கள். நம் வீட்டில் அது ஆயா.

அச்செழுத்தில் பெயரை டைப் செய்தால் போதாதா என்றால், போதும்தான். ஆனாலும் உன் கையால் எழுது. தாத்தா கணக்கு நோட்டில் எழுதிய எழுத்தைப் பார்த்ததும் அவர் எழுத்து என்று நாம் எல்லாரும் சொல்லிவிடுவோம் அல்லவா? உன் எழுத்தும் ஒருநாள் அப்படி யாருக்காவது அடையாளமாகும்.

பலகையில் தமிழ் எழுதச் சில நுணுக்கங்கள் இருக்கின்றன. கிரிட்டா என்ற மென்பொருளை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம், உனக்கு அது தாராளமாகப் போதும். கை நடுக்கம் தெரியாமல் கோட்டை வழவழப்பாக்க அதில் ஸ்டெபிலைசர் உண்டு. சிலர் அதைக் கூட்டி வைப்பார்கள். நீ குறைத்தே வை. கூடினால் ண, ழ, இ போன்ற எழுத்துகளின் சின்னச் சுழிகளை அது விழுங்கிவிடும், மூலைகளும் மழுங்கிவிடும். வேண்டிய அளவைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாகத் தனி லேயரில் எழுதி, பிறகு சுருக்கு. நடுக்கம் தானாக மறையும். பெட்டியில் 8192 நிலை அழுத்தம் என்று போட்டிருக்கிறதே, அதை நம்பி எழுத்து தானே அழகாகும் என்று எண்ணாதே. செட்டிங்கில் அழுத்தத்துக்கென்று ஒரு வளைகோடு இருக்கும். உனக்கு லேசான கையாக இருந்தால், மெதுவாக அழுத்தினாலே கோடு தடிக்கும்படி அதை மாற்று. அழுத்தி எழுதினால் முனை சீக்கிரம் தேயும், மணிக்கட்டும் வலிக்கும்.

இனி போட்டோ. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறந்து அடையாறு பெருகியபோது மணப்பாக்கத்து வீட்டில் நனைந்த படங்கள் ஒரு கவரில் இருக்கின்றன, ஆயாவிடம் கேட்டு வாங்கு. ஒன்றோடொன்று ஒட்டிக்கிடப்பதைப் பிய்க்காதே. பிரேம் கண்ணாடியோடு ஒட்டியதையும் உரிக்காதே, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய். சின்னப் படங்களை 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தால் பெரிதாக்க வசதி. அந்த ஸ்கேனை ஒருபோதும் திருத்தாதே. அதன் பிரதியில், அதுவும் தனி லேயரில்தான் கைவைக்கவேண்டும்.

அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் டச்சிங் செய்கிறவர் என்று ஒருவர் இருப்பார். நெகட்டிவின்மேல் கூரான பென்சிலால் தொட்டுத் தொட்டு முகத்துத் தழும்பை மறைப்பார். கறுப்பு வெள்ளைப் படத்துக்குத் தூரிகையால் நிறம் ஏற்றுவார். உன் பலகை அவருடைய மேஜையின் வாரிசு. கீறலை, பூஞ்சைக் கறையை, நீர்க்கோட்டை எடு. பேனாவை லேசாகத் தொட்டு, சிறு பிரஷால், பக்கத்துத் தோல்நிறத்தை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மூடு. முகத்தை மட்டும் சிவப்பாக்கிவிடாதே. கல்யாண ஆல்பத்தில் அதைக் கேட்டு வாங்குகிறார்கள், எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படும். நம் ஆட்கள் என்ன நிறமோ அந்த நிறத்திலேயே இருக்கட்டும். உருவத்தை வெட்டியெடுக்கும்போது அழிப்பானைத் தொடாதே, மாஸ்க் போடு. மாஸ்க்கில் கறுப்பு தீட்டினால் மறையும், வெள்ளை தீட்டினால் திரும்ப வரும், படத்துக்கு ஒன்றும் ஆகாது. பேனாவின் அருமை தலைமுடி ஓரத்தில்தான் தெரியும்.

நம் மாங்காட்டுக்கென்று இரண்டு பக்கமாவது ஒதுக்கு. காமாட்சி அம்மன் கோயில் கருவறையில் போட்டோ எடுக்க முடியாது. முடியாத இடத்தில் பேனா இருக்கிறது. ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்குக் கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தாரே சில்பி, அவர் படங்களைத் தேடிப் பிடித்துப் பார். நிழலைக் கோடுகளாலேயே எப்படிக் கட்டுகிறார் என்று கவனி. கம்ப்யூட்டரில் வரைந்தால் கை போய்விடும் என்று யாராவது சொன்னால் டிராட்ஸ்கி மருதுவின் படங்களைக் காட்டு. தமிழில் கம்ப்யூட்டரில் வரைந்த முன்னோடிகளில் அவர் ஒருவர், கோட்டில் அவர் கை அப்படியே தெரியும். நீ தெருவில் நின்று வெள்ளீஸ்வரர் கோயில் கோபுரத்தை ஒரு காகிதத்தில் வரைந்துகொண்டு வா. வீட்டில் அதைப் பார்த்துப் பலகையில் வரை. அம்மன் கோயிலில் வழிபடும் அர்த்தமேரு சக்கரம் மூலிகைகளால் ஆனதால் அதற்கு அபிஷேகம் கிடையாது என்று ஆயா சொல்வாரே, அதை அவர் சொன்ன மாதிரியே பக்கத்தில் எழுது. ஆறு வாரம் எலுமிச்சம்பழம் எடுத்துக்கொண்டு போகிற வேண்டுதலை யார் யார், எதற்காகச் செய்தார்கள் என்றும் கேள். உன் அப்பா பிறப்பதற்கு முன் ஆயா செய்திருக்கிறார், அந்தக் கதையை அவர் வாயால்தான் கேட்கவேண்டும்.

பக்கம் 12 அங்குலச் சதுரமாக, 300 டி.பி.ஐ.யில் இருக்கட்டும், அதாவது 3600க்கு 3600 பிக்சல். லேயர்களோடு ஒரு ஃபைல் வைத்துக்கொள். அச்சுக்குத் தனியாக ஒன்று எடு. எல்லாவற்றையும் லேப்டாப்பில் மட்டும் வைக்காமல் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கிலும் போடு.

எந்தப் பக்கத்தை முதலில் செய்வது என்று யோசிக்காதே. தாத்தா இருக்கும் அந்தக் குரூப் போட்டோதான். இந்த ஞாயிற்றுக்கிழமை ஆயாவுக்கு வெளிச்சமான இடமாகப் பார்த்து நாற்காலி போடு. படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டி, இடமிருந்து வலமாக ஒவ்வொருவராகக் கேள். போனில் பதிவு செய்துகொண்டே, தனி லேயரில் ஒவ்வொரு தலைக்கும் நேராகப் பெயரையும் உறவையும் எழுதிக்கொண்டு போ. எழுத்து கோணினாலும் நிறுத்தாதே, பிறகு திருத்தி எழுதிக்கொள்ளலாம். ஆயாவுக்கும் அடையாளம் தெரியாதவர்களின் தலைக்கு மேல் ஒரு கேள்விக்குறி போட்டு எனக்கு அனுப்பு. காஞ்சிபுரத்துப் பெரியம்மாவிடம் நான் கேட்டுச் சொல்கிறேன். வாட்ஸாப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கி முகம் கலங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பு.

அன்புடன்,
உன் அத்தை