வழியில் தொலைந்த பொதி: இணைய வணிகத்தில் இருவர் நேர்மை

முன்னுரை

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூர் எடுத்த காதை, புகார் நகரத்து ஐவகை மன்றங்களைக் காட்டுகிறது. அவற்றுள் ஒன்று வெள்ளிடை மன்றம். புதியராய் வந்த வணிகர் தம் பெயரும் அளவும் பொறித்த பொதிகள் அங்கே கதவும் காவலும் இன்றிக் குவிந்து கிடக்கும். களவாட எண்ணி வருபவனுக்கோ, அப்பொதியைத் தலையில் சுமந்து சுழல்வதன்றி எடுத்துச் செல்லுதல் இயலாது. பெயர் எழுதிய பொதி உரியவரையே சேர வேண்டும் என்னும் கவலை வணிகத்தைப் போலவே பழமையானது என்பதற்கு இது சான்றாகும்.

இன்று நம் இல்லங்களுக்கு நாள்தோறும் பெயர் பொறித்த பொதிகள் வருகின்றன. காக்கின்ற மன்றந்தான் இல்லை. விற்றவர் 'அனுப்பிவிட்டேன்' என்கிறார். வாங்கியவர் 'வரவில்லை' என்கிறார். இருவர் கூற்றும் உண்மையாக இருக்கலாம். அங்ஙனமாயின் இழப்பு யாரைச் சாரும்? இணைய விற்பனையாளர் இதனை எவ்வாறு தீர்க்கின்றனர், எவ்வாறு தீர்த்தல் முறை என்பதை ஈண்டுக் காண்போம்.

வி.பி.பி. முதல் இணையம் வரை

இந்திய அஞ்சல் துறை 1877ஆம் ஆண்டில் வி.பி.பி. முறையைத் தொடங்கிற்று. நம் முன்னோர் நூல்களையும் மருந்துகளையும் இம்முறையில் வரவழைத்தனர். பொதி கைக்கு வந்த பின்னரே பணம் செலுத்தினர். ஆதலால் தொலைந்த பொதிக்குப் பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டிய நிலை அவர்களுக்கு எழவில்லை.

2007இல் நூல் விற்பனையுடன் தொடங்கிய ஃபிளிப்கார்ட் நிறுவனம், 2010இல் பொருளைப் பெறும்போது பணம் தரும் வசதியை அளித்தது. இது பழைய வி.பி.பி.யின் புதுவடிவமே எனலாம். ஆயினும் இன்று பலரும் அட்டை வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ பணத்தை முன்னதாகவே செலுத்திவிடுகின்றனர். பணம் முன்னே செல்ல, பொருள் பின்னே வருகிறது. இவ்விடைவெளியில்தான் சிக்கல் பிறக்கிறது.

இருவகை விற்பனையாளர்

இணைய விற்பனையாளரை இருவகையாகப் பகுக்கலாம். பெரிய இணையச் சந்தைகளின் வழியாக விற்போர் ஒரு வகையினர். பொதுவாக, வாங்குபவர் செலுத்தும் பணம் முதலில் அச்சந்தையிடம் தங்கி, பொருள் சேர்ந்த பின்னரே விற்பவருக்குப் போகும். பொதி தொலைந்தால் சந்தையே பணத்தைத் திருப்பித் தந்துவிடும். அவ்விழப்பைச் சந்தை ஏற்பதா, விற்பவர் ஏற்பதா என்பது அவர்கள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

வீட்டிலிருந்தே சேலை, கைவினைப் பொருள், ஊறுகாய், பழைய நூல் முதலியவற்றை விற்போர் மற்றொரு வகையினர். நம் மாணவியர் சிலரும் இவர்களுள் அடங்குவர். இவர்களுக்கு இடையில் நிற்பார் எவருமில்லை. ஒரு பொதி தொலைந்தால் பத்துப் பொதிகளின் ஆதாயம் போய்விடுவதும் உண்டு. ஆகவே வாங்கியவரின் 'வரவில்லை' என்னும் ஒரு சொல்லை நம்புவதா, ஐயுறுவதா என்று இவர்கள் கலங்குகின்றனர்.

சட்டம் கூறுவது

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பொருளை வாங்குபவருக்குக் கொண்டு சேர்க்கும் பொருட்டுச் சுமந்து செல்வோரிடம் ஒப்படைத்தால், பொதுவாக அதனை வாங்குபவரிடமே ஒப்படைத்ததாகக் கொள்கிறது. ஆனால் விற்பவர் தக்க ஏற்பாடின்றி அனுப்பி, அதனால் பொருள் தொலைந்தால், வாங்குபவர் அதனை ஒப்படைப்பாக ஏற்க மறுக்கலாம் என்றும் அச்சட்டம் உரைக்கிறது. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டமோ, வணிகர் நுகர்வோருக்கு அனுப்பும் பொருள் அவர் கைக்கு வரும்வரை இழப்பு வணிகரையே சாரும் எனப் பொதுவிதி வகுத்துள்ளது.

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இணையத்தில் வாங்குவோரையும் நுகர்வோராக ஏற்கிறது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், முறையீட்டைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்திற்குள் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு காணப் பணிக்கின்றன. குறித்த காலத்தில் சேராத பொருளைத் திரும்ப ஏற்கவோ அதன் பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுத்தல் கூடாது. பேரிடர் போன்ற தடைகளால் நேர்ந்த தாமதத்திற்கு மட்டும் விலக்குண்டு. முறையீடு செய்வோர் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். தாம் வாழும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகலாம்.

அஞ்சல் துறையிடம் முழு இழப்பீட்டை எதிர்பார்த்தல் இயலாது. 2024 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த 2023ஆம் ஆண்டு அஞ்சல் சட்டத்தின்படி, விதிகளில் வரையறுத்த பொறுப்பையன்றி வேறு பொறுப்பு அத்துறைக்கு இல்லை. எனவே விலையுயர்ந்த பொருளைக் காப்பீடு செய்து அனுப்புதலே அறிவுடைமை.

என் அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பிற்குத் தேவைப்பட்ட பழம்பதிப்பு ஒன்றைச் சிறு நூல் விற்பனையாளர் ஒருவரிடம் இணையவழி வாங்கினேன். விலை 650 ரூபாய். ஒருநாள் 'பொதி சேர்ந்தது' எனக் கைப்பேசியில் செய்தி வந்தது, பொதி வரவில்லை. அண்டை வீடுகளில் வினவியும் பயனில்லை. விற்றவருக்கு எழுதினேன். நாட்குறிப்புடன் பொதி எண்ணையும், பொதி கட்டியபோது எடுத்த நிழற்படத்தையும் அவர் அனுப்பினார். பொதியைக் கொண்டுவந்த நிறுவனத்தில் முறையிட்டார். பத்து நாள் கழித்து, "உங்கள் சொல்லை நம்புகிறேன்" என்று எழுதி முழுப் பணத்தையும் திருப்பி அனுப்பினார்.

மாதம் ஒன்று கடந்தது. எங்கள் தெருவில் என் பெயருடையார் மூவர் உளர். அவர்களுள் ஒருவர் வீட்டார் நெடுநாள் வெளியூரில் தங்கித் திரும்பியதும், தம் திண்ணையில் கிடந்ததாக ஒரு பொதியைக் கொண்டுவந்து கொடுத்தனர். அதே நூல்தான். இப்போது நூலும் பணமும் என்னிடம் இருந்தன. இது விற்றவருக்குத் தெரியாது, தெரியவும் வழியில்லை. நான் எழுதிய 'வரவில்லை' என்னும் சொல் எழுதிய நாளில் உண்மை. அன்று நான் வாளாவிருந்தால் அச்சொல்லே பொய்யாகிவிடும் என்பதை உணர்ந்தேன். அன்று மாலையே பணத்தை அனுப்பினேன். "நூல் கிடைத்ததே, மகிழ்ச்சி" என்று மட்டும் அவர் பதில் எழுதினார்.

இருவர் கடமை

விற்பவர் கடைப்பிடிக்க வேண்டியவை சில. முகவரியையும் கைப்பேசி எண்ணையும் சரிபார்த்தல், பொதியையும் எடையையும் படமெடுத்து வைத்தல், பொதி எண்ணை உடனே தெரிவித்தல், எத்தனை நாள் காத்திருந்த பின் பணமோ மாற்றுப் பொருளோ தரப்படும் என்பதை விற்கும்போதே எழுதி அறிவித்தல் ஆகியனவாம். பொதியைச் சுமப்பவரைத் தெரிவு செய்தவரும், அவரிடம் முறையிடத்தக்க சீட்டை வைத்திருப்பவரும் விற்பவரே. ஆதலால், தம் மீது பிழை இல்லாதபோதும் முதலில் இழப்பை ஏற்று, பின்னர் அதனைச் சுமந்தவரிடம் பெற முயல்வதே முறையாகும்.

வாங்குபவர் முகவரியில் வீட்டு எண்ணையும் தெருவின் அடையாளத்தையும் தெளிவாகத் தருதல் வேண்டும். வராத பொதியைப் பற்றிக் காலந்தாழ்த்தாது தெரிவித்தல் வேண்டும். வந்துவிட்ட பொதியை 'வரவில்லை' என்பது களவு. பின்னர் வந்ததை மறைப்பதும் அதனின் வேறன்று.

முடிவுரை

பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுதலே வணிகர்க்கு வணிகமாகும் என்பது வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் காட்டும் நெறி. அந்நெறி வாங்குவோர்க்கும் உரியது. நம் பெரியோர் 'அமானிதம்' என வழங்கும் சொல், வழியில் செல்லும் பொதிக்கும் முன்னதாகச் செலுத்திய பணத்திற்கும் ஒருங்கே பொருந்தும். சட்டம் காலக்கெடுவை வகுக்கும்; சீட்டையும் படத்தையும் ஆராயும். காண்பார் இல்லாத திண்ணையில் கிடந்த பொதியை அதனால் காண இயலாது. அங்கே வெள்ளிடை மன்றமாக நிற்க வேண்டியது நம் மனச்சான்றே. இதனை நம் மாணவர் உளங்கொள்வாராக.