பழைய சங்கீதப் புத்தகம் வேண்டுமா? ஞாயிறு காலையில் கிளம்புங்கள்

பாட்டு வாத்தியார் "அந்தப் பழைய பதிப்பைப் பார்" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார். கடையில் கேட்டால் "அதெல்லாம் இப்ப வர்றதில்லீங்க" என்பார்கள். அச்சில் நின்றுபோன அந்த ஸ்வரப் புத்தகங்களை நியாயமான விலையில் தேட சென்னைதான் சரியான ஊர். மார்கழி சீசனுக்குக் கச்சேரி கேட்க வருகிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்றே ஒதுக்குங்கள்.

முதலில் திருவல்லிக்கேணி பாரதி சாலை. பைகிராப்ட்ஸ் ரோடு என்றால் பழைய ஆட்களுக்குச் சட்டென்று புரியும். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். பாட்டு சொல்லிக்கொடுத்த பெரியவர் காலமானபின் வீட்டைக் காலிசெய்கிறவர்கள் புத்தகங்களை அலமாரியோடு எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அவை கடைசியில் இந்த நடைபாதைக்குத்தான் வந்து சேர்கின்றன. தமிழ்க் குவியலோடு நின்றுவிடாதீர்கள். தச்சூர் சிங்கராசார்யுலு சகோதரர்களின் நூல்கள் போல, அந்தக் காலத்தில் சென்னையில் அச்சான சங்கீதப் புத்தகங்கள் பல தெலுங்கு எழுத்தில் இருக்கும். விற்கிறவர் அவற்றைத் தெலுங்கு பக்திப் புத்தகங்களோடு சேர்த்து அடுக்கியிருப்பார். மலிவாகக் கிடைப்பது அங்கேதான்.

ஒரு எச்சரிக்கை, வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன். நடைபாதையில் நான் தேடுவதைக் கவனித்த ஒரு தரகர், "குடோன்ல ஒரிஜினல் இருக்கு சார்" என்று சொல்லிப் போய், பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு கட்டோடு வந்தார். பிரிக்கவே விடவில்லை. பணத்தை முதலில் வைக்கச் சொன்னார். விடாப்பிடியாகப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஜெராக்ஸ்! அதுவும் மங்கல் பிரதி. ஸ்வரத்தின் மேலும் கீழும் வரும் ஸ்தாயிப் புள்ளிகள் பாதி காணோம். மேல் ஸட்ஜம் எது, மத்திய ஸட்ஜம் எது என்றே தெரியாத அந்தத் தாளுக்குக் கேட்ட விலை மூலப் பிரதியின் விலை! ஒரு குழந்தை அதை வைத்துப் பாடம் பண்ணினால் என்ன ஆகும்? இன்றும் கோபம் ஆறவில்லை. ஆகவே உறையைப் பிரிக்காமல் காசை எடுக்காதீர்கள். புள்ளிகள், துரித காலத்துக்கான மேல்கோடுகள், கமகக் குறிகள் எல்லாம் தெளிவாக இருக்கின்றனவா என்று நடுப்பக்கத்தில் பாருங்கள். ராமபாணப் பூச்சி துளைத்திருந்தால் பரவாயில்லை. பிழைதிருத்தத் தாள் கிழிந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

பழைய புத்தகக் கடைகள் இருந்த மூர் மார்க்கெட் 1985ல் எரிந்துபோனது. அந்தக் கடைகள் பெயர்ந்துபோன அல்லிக்குளம் வளாகத்தில் பாடப்புத்தகமும் கைடும்தான். சங்கீதத்துக்காக அங்கே அலைய வேண்டாம்.

எனக்குப் பிடித்த இடம் ராயப்பேட்டையில் உள்ள கர்நாடிக் மியூசிக் புக் சென்டர். சங்கீதப் புத்தகங்களுக்கென்றே உள்ள கடை! ராகப் பெயர் சொல்லிப் புத்தகம் கேட்டாலும் முகம் சுளிக்காத இடம் வேறு எங்கே இருக்கிறது? நடைபாதைக்குப் போவதற்கு முந்தின நாளே இங்கே வந்து, எது இன்னும் அச்சில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஏ.எஸ். பஞ்சாபகேச ஐயரின் 'கானாம்ருத போதினி' புதிதாகவே கிடைக்கிறது. அதன் பழைய பிரதியை "அபூர்வம்" என்று யாராவது நீட்டினால் நகர்ந்துவிடுங்கள்.

சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904ல் எட்டயபுரத்தில் தெலுங்கு எழுத்தில் வந்தது. பின்னால் மியூசிக் அகாடமி அதைத் தமிழில் 5 பகுதிகளாக வெளியிட்டது. தனிப் பகுதி கிடைத்தால்கூட வாங்கிவிடுங்கள். முழுத் தொகுதியாகத்தான் வேண்டும் என்று காத்திருந்தால் கைக்கு வராது. ஆபிரகாம் பண்டிதரின் 'கருணாமிர்த சாகரம்' (1917) வேண்டுமென்றால் செலவே வேண்டாம். ஆசிரியர் இறந்து 60 ஆண்டு தாண்டியதால் காப்புரிமை முடிந்துவிட்டது, இணையத்தில் இலவசம்.

போக்குவரத்து: பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணி நிலையத்தில் இறங்கி நடக்கலாம். ராயப்பேட்டைக்கும் திருவல்லிக்கேணிக்கும் இடையே ஆட்டோ. பேரம் பேசிவிட்டு ஏறுங்கள். சில்லறை நோட்டு வைத்திருங்கள், துணிப்பை இரண்டு எடுத்துப்போங்கள்.

எங்கும் கிடைக்காத நூலை எழும்பூர் கன்னிமாரா நூலகத்திலோ தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலோ கேட்டுப்பாருங்கள். ஞாயிறன்று போகாமல் வேலைநாளில் போங்கள், ஆசிரியர் பெயரையும் பதிப்பு ஆண்டையும் சீட்டில் எழுதிக்கொண்டு.