ஊரக வளர்ச்சித் திட்டங்களும் மகளிர் உரிமையும்: மேற்கு வங்கம் தரும் படிப்பினை

வளர்ச்சித் திட்டம் ஒன்றின் வெற்றியை, உதவி பெற்றோரின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது நிர்வாக வழக்கமாகும். எத்தனை குடும்பங்களுக்குக் கடன் வழங்கப்பட்டது, எத்தனை குழுக்கள் அமைக்கப்பட்டன என்னும் விவரங்கள் ஆண்டறிக்கையில் இடம் பெறுகின்றன. ஆனால் கடன் திருப்பிச் செலுத்தப்பட்டு, கறவை மாடும் கைமாறி, திட்டத்தின் பெயரும் மாறிய பின்னர், அவ்வீட்டுப் பெண்ணின் நிலையில் எஞ்சி நிற்பது யாது? மகளிர் முன்னேற்றத்தைப் பொறுத்தவரை இதுவே முதன்மையான வினாவாகும்.

இவ்வினாவைப் பல்கலைக்கழகப் பாடமாகவும் ஆய்வுப் பொருளாகவும் ஆக்கிய நிறுவனங்களுள் கொல்கத்தாவின் ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகமும் ஒன்று. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மகளிரியல் ஆய்வுகளை ஊக்குவிக்க வேண்டுமெனக் கூறிற்று. அதனையடுத்து 1988இல் ஜாதவ்பூரில் மகளிரியல் பள்ளி நிறுவப்பெற்றது. பேராசிரியர் ஜசோதரா பாக்சி அதன் முதல் இயக்குநராவார். ஜாதவ்பூர் மாநகரின் ஒரு பகுதியே எனினும், அங்கு எழுப்பப்பட்ட வினாவிற்கு விடை தேட மேற்கு வங்கத்தின் கிராமங்களுக்கே செல்ல வேண்டும். பாங்குரா, பீர்பூம் ஆகிய இரு மாவட்டங்களின் அனுபவம் இங்கு ஆராயப்படுகிறது.

குடும்பம் என்னும் அலகு

1971இல் மத்திய அரசு அமைத்த மகளிர் நிலை பற்றிய குழு, ‘சமத்துவத்தை நோக்கி’ என்னும் அறிக்கையை 1974இல் அளித்தது. வங்கத்தைச் சேர்ந்த பூல்ரேணு குகா அதன் தலைவர். வீணா மஜும்தார் அதன் உறுப்பினர் செயலாளர். வளர்ச்சியின் பயன் பெண்களைத் தானாகவே சென்றடைந்துவிடும் என்னும் நம்பிக்கையை அவ்வறிக்கை தகர்த்தது.

எனினும் 1978இல் தொடங்கப்பெற்று, 1980இல் நாடெங்கும் விரிவடைந்த ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் குடும்பத்தையே அலகாகக் கொண்டது. குடும்பத் தலைவர் எனப்பட்டவர் பெரும்பாலும் ஆணே. ஆகவே கடனும் மானியமும் அவர் பெயரிலேயே வழங்கப்பட்டன. இக்குறையை நீக்கும் பொருட்டு, ஊரகப் பகுதி மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் திட்டம் 1982இல் 50 மாவட்டங்களில் தொடங்கப்பெற்றது. 15 முதல் 20 பெண்கள் வரை ஒரு குழுவாக இணைந்து தொழில் செய்ய அது வகை செய்தது. 1999 ஏப்ரலில் இவ்விரு திட்டங்களும் பொன்விழா கிராம சுயவேலைவாய்ப்புத் திட்டத்தில் இணைக்கப்பட்டன. 2011இல் அதன் இடத்தில் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் வந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குள் திட்டத்தின் பெயர் பன்முறை மாறிற்று. எனவே, திட்டத்தோடு முடிந்துவிடாத பயனையே நிலைத்த பயன் எனல் வேண்டும்.

பாங்குரா: நிலத்தின் மீதான உரிமை

மேற்கு வங்கத்தில் 1978இல் தொடங்கிய பர்கா இயக்கம், குத்தகை உழவர்களின் பெயர்களை அரசுப் பதிவேட்டில் ஏற்றி, அவர்கள் நிலத்திலிருந்து வெளியேற்றப்படாமல் காத்தது. பதின்மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இவ்வாறு பதிவு பெற்றனர். நாட்டின் நிலச்சீர்திருத்த வரலாற்றில் இது குறிப்பிடத்தக்க சாதனையே. ஆயினும் பதிவு பெற்றோருள் பெண்கள் மிகச் சிலரே ஆவர்.

இக்குறை 1980இல் வெளிப்படையாகப் பேசப்பட்டது. அன்றைய நிலச்சீர்திருத்த அமைச்சர் பினய் சவுத்ரியின் முயற்சியால், பாங்குரா மாவட்டம் ஜிலிமிலியில் பெண் விவசாயத் தொழிலாளர்களுக்கென ஒரு முகாம் நடைபெற்றது. அங்குக் கூடியவர்களுள் பெரும்பாலோர் பழங்குடிப் பெண்கள். சொந்த ஊரில் ஆண்டு முழுவதும் வேலை கிடைக்காமையால், நடவுக்கும் அறுவடைக்கும் வர்த்தமான், ஹூக்ளி மாவட்டங்களுக்குக் கைக்குழந்தைகளுடன் சென்று வந்தவர்கள் அவர்கள். அரசு வழங்கும் நிலப் பட்டாவில் தங்கள் பெயர் ஏன் இல்லை என்றும், கணவன் கைவிட்டால் தங்களுக்குப் பாதுகாப்பு எது என்றும் அவர்கள் வினவினர்.

இதன் பின்னர், மகளிர் வளர்ச்சி ஆய்வு மையத்தின் துணையுடன் ராணிபாந்த் வட்டாரத்தில் மகளிர் சங்கங்கள் உருவாயின. பயிருக்கு உதவாதெனக் கைவிடப்பட்டிருந்த தரிசு நிலங்கள் சங்கங்களுக்குக் கொடையாகக் கிடைத்தன. பெண்கள் அவற்றில் மருத மரங்களையும் அவ்வினத்தைச் சேர்ந்த ஆசன் மரங்களையும் நட்டு வளர்த்து, அவற்றின் இலைகளை உண்ணும் தசர்ப் பட்டுப்புழுக்களைப் பேணினர். வேலை உள்ளூரிலேயே கிடைத்ததால் வெளியூர்ப் பயணம் குறைந்தது. நிலமும் மரங்களும் சங்கத்தின் பெயரில் இருந்தன. அவற்றைப் பற்றிய முடிவுகளையும் சங்கமே மேற்கொண்டது. கூலியைவிட இந்நிலைமையே முக்கியமானது. 1992இல் மாநில அரசு, கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டுப் பட்டா வழங்கும் கொள்கையை ஏற்றது. ஆனால் அதற்குள் நிலப்பகிர்வின் பெரும்பகுதி முடிந்துவிட்டது. தொடக்கத்திலேயே சேர்க்கப்பட்டிருக்க வேண்டிய ஒரு பெயரைப் பின்னர்ச் சேர்ப்பது எத்துணைக் கடினம் என்பதை இது காட்டுகிறது.

பீர்பூம்: தலைமைப் பதவியின் விளைவு

1993இல் மேற்கு வங்கப் பஞ்சாயத்துகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் மகளிர்க்கு ஒதுக்கப்பட்டன. 1998 தேர்தல் முதல் ‘பிரதான்’ எனப்படும் தலைவர் பதவிக்கும் இவ்வொதுக்கீடு விரிந்தது. 2013 தேர்தலில் ஒதுக்கீடு பாதியாக உயர்த்தப்பட்டது. தலைவர் பதவிகளை ஒதுக்குகையில், பஞ்சாயத்துகள் வரிசை எண்ணின்படி அடுக்கப்பட்டு, மூன்றுக்கு ஒன்று வீதம் தெரிவு செய்யப்பட்டன. முற்போக்கான ஊர், பின்தங்கிய ஊர் என்னும் பாகுபாடு இத்தெரிவில் இல்லை. எனவே ஒதுக்கீடு பெற்ற ஊர்களையும் பெறாத ஊர்களையும் ஒப்பிட்டு, வேறுபாடு ஒதுக்கீட்டினால் விளைந்ததே எனத் துணிந்து கூற இயலும். புள்ளியியல் பயிலும் மாணவர்கள் இதனை நன்கு கவனித்தல் வேண்டும்.

கொல்கத்தா இந்திய மேலாண்மைக் கழகத்தைச் சேர்ந்த ரகாபேந்திர சட்டோபாத்யாயவும், பின்னர் 2019இல் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்ளோவும் பீர்பூம் மாவட்டத்திலும் ராஜஸ்தானின் உதயப்பூரிலும் மேற்கொண்ட ஆய்வு 2004இல் வெளிவந்தது. பீர்பூமில் பெண் தலைவர்கள் குடிநீருக்கும் சாலைக்கும் கூடுதலாகச் செலவிட்டனர் என அது கண்டது. அவ்வூர்ப் பெண்கள் மிகுதியாக முறையிட்ட தேவைகளும் இவையே.

தலைவரின் பதவிக் காலம் முடிந்த பின் என்ன நிகழ்ந்தது என்பதை 2009இல் வெளியான மற்றோர் ஆய்வு விளக்குகிறது. முதன்முறை பெண் தலைமையைக் கண்ட ஊரார் அதனைக் குறைவாகவே மதித்தனர். இரண்டாம் முறை அக்குறை மறைந்தது. தொடர்ந்து இரு தேர்தல்களில் ஒதுக்கீடு பெற்ற ஊர்களில், ஒதுக்கீடு நீங்கிய பின்னரும் பெண்கள் கூடுதலாகப் போட்டியிட்டு வென்றனர்.

2012இல் வெளியான ஆய்வு 495 கிராமங்களைச் சார்ந்தது. இருமுறை பெண் தலைமையைக் கண்ட ஊர்களில், ஆண் பெண் குழந்தைகளின் எதிர்காலம் பற்றிய எதிர்பார்ப்பில் நிலவிய இடைவெளி பெற்றோரிடையே 20 விழுக்காடும், வளரிளம் பருவத்தினரிடையே 32 விழுக்காடும் குறைந்தது. கல்வியில் இருந்த இடைவெளி முற்றிலும் மறைந்தது. சிறுமியர் வீட்டு வேலையில் செலவிட்ட நேரமும் குறைந்தது. ஒருவர் வகித்த பதவியின் பயன் அடுத்த தலைமுறையைச் சென்றடைந்துள்ளது.

எட்டாத எல்லைகள்

இதனால் எல்லாம் நிறைவேறிவிட்டதெனக் கொள்ளலாகாது. இளம்பெண்களுக்கான வேலை வாய்ப்பில் மாற்றம் ஏதும் காணப்படவில்லை என்று அதே ஆய்வு கூறுகிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மேற்கு வங்கத்தில் 20 முதல் 24 வயது வரையுள்ள பெண்களுள் 18 வயதிற்கு முன் மணமானோர் 2015-16இல் 41.6 விழுக்காட்டினர். 2019-21இலும் அவ்விகிதம் குறையவில்லை. பெண்களின் கல்வியைத் தொடரச் செய்யவும் இளவயது மணத்தைத் தடுக்கவும் 2013இல் தொடங்கப்பெற்ற கன்யாஸ்ரீ உதவித்தொகைத் திட்டம் செயல்பட்ட ஆண்டுகள் இவை. படித்த பெண்ணுக்கு ஊரக வேலை வாய்ப்பு அரிதாக இருக்கையில், பெற்றோரின் எதிர்பார்ப்பு உயர்வது மட்டும் போதுமானதன்று.

அலுவலர்க்கும் மாணவர்க்கும்

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு கருத்துத் தெளிவாகிறது. கடன், பயிற்சி, மானியம் ஆகியன தேவையானவையே. ஆயினும் பெண்ணின் பெயர் பட்டாவிலும், வங்கிக் கணக்கிலும், பஞ்சாயத்துப் பதவியிலும் இடம் பெறும்போதுதான், திட்டம் முடிந்த பின்னரும் பயன் நிலைக்கிறது. உதவி செலவாகிவிடும், பதிவு பெற்ற உரிமையோ எளிதில் மறைவதில்லை. ஒருமுறை வழங்கிய வாய்ப்பினும் மீண்டும் வழங்கிய வாய்ப்பே ஊராரின் மனநிலையை மாற்றுகிறது.

எனவே ஒரு திட்டத்தை மதிப்பிடும் வட்டார அலுவலர் நான்கு வினாக்களை எழுப்புதல் நலம். சொத்து யார் பெயரில் உள்ளது? கூலியும் கடனும் யார் கணக்கில் சேர்கின்றன? செலவு பற்றிய முடிவை யார் எடுக்கின்றனர்? திட்டம் நிறைவுற்ற ஐந்தாண்டுகளுக்குப் பின்னரும் இம்மூன்றிற்கும் விடை அதே பெண்தானா? கடைசி வினாவிற்கு விடை காண, கணக்கு முடிந்த கோப்பினை மீண்டும் எடுத்துக்கொண்டு அக்கிராமத்திற்குச் செல்ல வேண்டும். ஆண்டறிக்கையில் இதற்கென ஒரு பத்தி ஒதுக்கப்பட்டால், அடுத்த திட்டத்தை வகுப்போர்க்கு அது பெரிதும் பயன்படும்.