மருத்துவப் படிப்பு: முடிவெடுக்கும் முன் வீட்டில் பேச வேண்டியவை

நன்றாகப் படிக்கும் பிள்ளை என்றால், "டாக்டருக்குப் படிக்க வையுங்கள்" என்று பார்ப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் படிக்கப் போவது பிள்ளை. செலவு செய்யப் போவது பெற்றோர். ஆகவே நன்மையையும் சிரமத்தையும் முன்கூட்டியே எடை போட்டுப் பார்ப்பது நல்லது.

நன்மைகள்

மருத்துவர் எந்த ஊருக்குப் போனாலும் அவருக்கு வேலை உண்டு. ஓய்வு வயதுக்குப் பிறகும் தொழில் தொடரும். அதற்கும் மேலாக, வலியோடு வருபவருக்கு நேரடியாக உதவும் வாய்ப்பு கிடைக்கிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது 'இஹ்யா' நூலில் மருத்துவக் கல்வியை ஃபர்ளு கிஃபாயாவில் சேர்த்துள்ளார்கள். அதாவது, சமுதாயத்தில் தேவையான அளவுக்குச் சிலர் கற்றாக வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் கற்றே தீர வேண்டும் என்பது அதன் பொருள் அல்ல. இந்த வேறுபாட்டை நாம் மனதில் வைக்க வேண்டும்.

காலக் கணக்கு

எம்.பி.பி.எஸ். படிப்பு நான்கரை ஆண்டுகள். அதன்பின் ஓராண்டு பயிற்சி மருத்துவராகப் பணி. 18 வயதில் சேர்ந்தால் முடிக்கும்போது 23 அல்லது 24 வயதாகும். எம்.டி., எம்.எஸ். போன்ற மேற்படிப்புக்கு இன்னொரு நுழைவுத் தேர்வும் மூன்று ஆண்டுகளும் வேண்டும். இதய நோய், நரம்பியல் போன்ற உயர் சிறப்புப் பிரிவு என்றால் மேலும் மூன்று ஆண்டுகள். கூட்டிப் பார்த்தால் 30 வயதை நெருங்கிவிடும். கூடப் படித்தவர்கள் சம்பாதித்துக் குடும்பம் நடத்தும்போது இவர் இன்னும் மாணவராக இருப்பார். இரவுப் பணி, பெருநாள் அன்றும் பணி என்பதும் இதில் அடங்கும்.

பணக் கணக்கு

நீட் தேர்வு 180 கேள்விகள், 720 மதிப்பெண்கள். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழியும். தேர்ச்சி பெறுவது வேறு, அரசுக் கல்லூரியில் இடம் கிடைப்பது வேறு. அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு. தனியார் கல்லூரி நிர்வாக ஒதுக்கீட்டில் மொத்தச் செலவு அரைக் கோடியைத் தாண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஒரு கோடியையும் தாண்டுவதுண்டு. வீட்டை விற்றோ, வட்டிக்குக் கடன் வாங்கியோ சேர்ப்பது என்றால், அந்தச் சுமை தம்பி தங்கைகளின் படிப்பையும் நிக்காஹையும் தொடும்.

தமிழகத்தில் நமக்குள்ள உரிமைகளை விட்டுவிடக் கூடாது. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவிகித இட ஒதுக்கீடு உண்டு. அதற்கான சாதிச் சான்றிதழைக் கலந்தாய்வு நேரத்தில் அலையாமல் இப்போதே எடுத்து வையுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு 2020 சட்டத்தின்படி 7.5 சதவிகித உள் ஒதுக்கீடும் உண்டு. அதில் இடம் பெறுவோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

வெளிநாட்டுப் படிப்பு

"கட்டணம் குறைவு" என்று முகவர்கள் சொல்வதை மட்டும் கேட்டுப் பணம் கட்டாதீர்கள். வெளிநாடு செல்லவும் நீட் தேர்ச்சி கட்டாயம். 2021 விதிகளின்படி குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி, பயிற்றுமொழி ஆங்கிலம் ஆகியவை வேண்டும். திரும்பி வந்ததும் தகுதித் தேர்வு எழுத வேண்டும். அதில் பாதிக்கும் மிகக் குறைவானவர்களே தேறுகிறார்கள். தேறியபின் இங்கும் ஓராண்டு பயிற்சி உண்டு. தேறாதவர் கையில் பட்டம் இருக்கும், ஆனால் நம் நாட்டில் மருத்துவம் பார்க்க முடியாது.

பெண் பிள்ளைகள்

நம் பெண்கள் பெண் மருத்துவரையே நாடுகிறார்கள். எனவே மகளைப் படிக்க வைப்பது சமுதாயத்துக்கே உதவி. ஆனால் பாதியில் நிறுத்தினால் பிள்ளையின் உழைப்பும் வீணாகும், இன்னொருவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடமும் வீணாகும். சம்பந்தம் பேசும்போதே படிப்பு, இரவுப் பணி, மேற்படிப்பு பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடம் தெளிவாகப் பேசிவிடுங்கள்.

வேறு வழிகள்

மருத்துவத் துறை என்பது எம்.பி.பி.எஸ். மட்டுமல்ல. பி.எஸ்சி. நர்சிங், மருந்தியல், ஆய்வகத் தொழில்நுட்பம் ஆகியவற்றில் தமிழகத்தில் ப்ளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் சேரலாம். கால்நடை மருத்துவத்தில் மாநில ஒதுக்கீட்டு இடங்களும் அப்படியே. யூனானி மருத்துவத்துக்குச் சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரி உள்ளது. அதற்கு நீட் தேவை.

உட்கார்ந்து பேசுங்கள்

இந்தக் கேள்விகளுக்குப் பிள்ளையே பதில் சொல்லட்டும்:

1. இது உன் விருப்பமா, எங்கள் விருப்பமா?
2. இரத்தத்தையும் நோயையும் மரணத்தையும் அன்றாடம் பார்க்க மனம் தயாரா?
3. நீட் தேர்வை எத்தனை முறை எழுதுவது? ஒன்றா, இரண்டா? (இதை இப்போதே முடிவு செய்யுங்கள்.)
4. இடம் கிடைக்காவிட்டால் அடுத்து என்ன?

பெற்றோர் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: வட்டியில்லாமல், மற்ற பிள்ளைகளின் பங்கைத் தொடாமல் நம்மால் எவ்வளவு செலவு செய்ய முடியும்? அந்தத் தொகையைத் தாளில் எழுதிய பிறகு கல்லூரியைத் தேடுங்கள். விருப்பமும் வசதியும் பொருந்தினால் தயங்காமல் படிக்க வையுங்கள். பொருந்தாவிட்டால் அதில் அவமானம் எதுவும் இல்லை. மனமொப்பிச் செய்யும் எந்த ஹலாலான தொழிலிலும் இன்ஷா அல்லாஹ் பரக்கத் உண்டு.