இரத்தப் புற்றுநோய் மாத்திரையும் கல்லீரலும்

நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் மாத்திரை 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன்பின் இந்நோய் உள்ளவர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் வேலைக்குப் போய்க்கொண்டே வாழ்கிறார்கள். ஆனால் மாத்திரை தினமும் உண்டு. அதைச் சிதைத்து வெளியேற்றும் பொறுப்பு பெரும்பாலும் கல்லீரலுக்கு.

மும்பையில் மருந்துக்கடை நடத்தும் என்னிடம் நம்மவர்கள் அடிக்கடி கேட்பது இது: "ஊரிலிருந்து கீழாநெல்லிப் பொடி வரவழைத்துக் கொடுக்கலாமா சார்?" காமாலை என்றால் கீழாநெல்லி என்று வளர்ந்தவர்கள் நாம், கேட்கத்தான் செய்வோம். புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள் என்பேன். இமாடினிபைச் சிதைக்கும் நொதியைச் சில மூலிகைகள் தடுக்கும், சில தூண்டும். தடுத்தால் மருந்து இரத்தத்தில் மிகும். தூண்டினால் நோய்க்குப் போதாமல் போகும். சில மூலிகைகள் கல்லீரலையே தாக்கும். சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்களே 2021-இல் எழுதினார்கள்.

கிரேப்ஃப்ரூட் சாறும் மதுவும் வேண்டாம். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் கூட எத்தனை, எத்தனை நாள் என்று கேட்டே போடவேண்டும். மருந்து தொடங்குமுன் ஹெபடைடிஸ் பி சோதனை அவசியம். அடங்கிக் கிடக்கும் கிருமி மீண்டும் தலைதூக்கலாம்.

எஸ்.ஜி.பி.டி., பிலிரூபின் சோதனைகளை மருத்துவர் சொன்ன தேதியில் செய்யுங்கள். அளவு ஏறினால் சில நாள் நிறுத்தி, குறைந்த அளவில் மீண்டும் தொடங்குவது உண்டு. அந்த முடிவு அவருடையது. நாமாக நிறுத்தினால் நோய் திரும்பும்.

மே மாத விடுமுறைக்கு ஊருக்குப் போகுமுன் சோதனையை முடித்து, சீட்டையும் போதிய மாத்திரையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அங்கே கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் கறுத்தாலோ, மும்பை திரும்பும்வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.