தடைக்காலத்து வண்டியும் சிறு சூரியத் தகடும்

கேள்வி: மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் மீன் வண்டி நின்றபடியே இருப்பதால் பேட்டரி இறங்கிவிடுகிறது. மலிவாக வாங்கிய 5 வாட் சோலார் தகட்டை நம்பலாமா?
– ஒரு வாசகர், பழவேற்காடு

பதில்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள அந்தக் கோடையில்தான், உஷ்ணம் மிகுந்தால் தானாகவே சக்தியை இழக்கும் சுபாவமுள்ள ஈய-அமில பேட்டரிக்குப் போஷணை தேவைப்படுகிறது என்பதும், தகட்டுக்கு வேண்டிய வெயிலையும் அதே கோடையே தாராளமாக வழங்குகிறது என்பதும் வேடிக்கையான பொருத்தம். ஆயினும், மலிவுச் சரக்கின் முதுகில் அச்சிட்ட வாட் கணக்கை வேதவாக்காகக் கொள்ளாமல், தாங்களே பரீட்சித்துப் பார்ப்பது உத்தமம். உச்சி வேளையில் தகட்டைச் சூரியனுக்கு நேர்முகமாகச் சாய்த்து, எதனோடும் இணைக்காமல் மல்டிமீட்டரால் அளந்தால் ஏறத்தாழ 20 வோல்ட்டும், இரு கம்பிகளையும் ஆம்பியர் அளவையில் சேர்த்தால் 0.3 ஆம்பியரும் காட்டவேண்டும். இரவில் பேட்டரியின் மின்சாரம் தகட்டின் வழியே திரும்பி ஒழுகுமானால் டையோடு ஒன்றைக் கோத்துவிடுங்கள். ஒரு டீ விலைகூட ஆகாது.

நாளொன்றுக்கு ஒன்றரை ஆம்பியர்-மணி கிடைத்தாலே அதிர்ஷ்டம். ஆகையால், 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் நிறைந்திருக்கும் பேட்டரியை அந்நிலையிலேயே காப்பாற்றுவது சாத்தியமேயன்றி, செத்த பேட்டரியை இத்தகடு உயிர்ப்பிக்கும் என்று எதிர்பார்ப்பது வீண் ஆசை. நண்பகலில் தகட்டோடு இணைத்த பேட்டரி 14.4 வோல்ட்டைத் தாண்டினால் மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் கருவி அவசியம்.

உப்புக்காற்றில் பேட்டரி முனைகளில் பச்சைப் பூப்புப் படியும். துடைத்து வாசலின் தடவுங்கள். தகட்டின்மேல் ஒரு காக்கை எச்சம் விழுந்தாலும் மின்சாரம் பாதியாகக் குறையக்கூடும். தங்கள் ஊர் ஏரியின் உப்புத் தண்ணீரால் அல்ல, நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.